ஏழு லட்சத்தில் ஒரு குடும்ப எஸ்யூவி: பெரம்பலூர் வீட்டுக்கு வண்டி பார்த்த கதை

2025 செப்டம்பர் கடைசி வாரத்தில் தங்கை வீட்டுக்காரர் பெரம்பலூரிலிருந்து கூப்பிட்டார். "மச்சான், அம்மாவுக்கு டயாலிசிஸ் ஆரம்பிச்சாச்சு. செவ்வாயும் வெள்ளியும் காலையில ஆறரைக்குத் திருச்சியில இருக்கணும். வாடகை வண்டிக்கே மாசம் இருபதாயிரம் ஆகுது. ஏழு லட்சம் வரைக்கும் புரட்டலாம். உயரமான வண்டியா ஒண்ணு பார்த்துக் குடுங்க."

நான் திருச்சியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் பதினோரு வருடம் சர்வீஸ் அட்வைசராக இருந்தவன். பழைய வண்டி பார்த்துத் தரச் சொல்லும் சொந்தக்காரர்கள் முதலில் கேட்பது "எந்த மாடல் நல்ல மாடல்?" என்பதுதான். இந்த முறை அதிலிருந்து ஆரம்பிக்க எனக்கு மனம் வரவில்லை. வாரத்தில் இரண்டு நாள், விடியற்காலை ஐந்தே காலுக்கு வண்டி ஸ்டார்ட் ஆகியே தீர வேண்டும். ஒரு நாள் தவறினாலும் அத்தையின், அதாவது மாப்பிள்ளையுடைய அம்மாவின், உடம்பு தாங்காது. நம்பகமான வண்டி என்றால் அந்த வீட்டில் இதுதான் அர்த்தம்.

ஒர்க்‌ஷாப்பில் நான் திரும்பத் திரும்பப் பார்த்த ஒன்று உண்டு. கையில் இருக்கும் பணம் முழுவதையும் வண்டி விலைக்கே கொடுத்துவிடுவார்கள். டயர் மாற்ற வேண்டும், கிளட்ச் போகப் போகிறது என்று தெரிந்தாலும் "அடுத்த மாசம் பார்க்கலாம்" என்று தள்ளிப்போடுவார்கள். மூன்றாவது மாதம் அந்த வண்டி டோ வண்டியில் ஏறி வரும். வண்டியில் பெரிய குறை ஒன்றும் இருக்காது, அதைச் சரியாக வைத்துக்கொள்ளப் பணம் மிச்சம் இருந்திருக்காது, அவ்வளவுதான். அதனால் மாப்பிள்ளையிடம் முதலில் சொன்னேன்: "ஏழு லட்சத்தில் எண்பத்தைந்தாயிரத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். அந்தப் பணம் வண்டி விலைக்குப் போகக் கூடாது. விற்பவர் எவ்வளவு நெருக்கினாலும் 6 லட்சத்து 15 ஆயிரத்தைத் தாண்ட மாட்டோம்."

அவருக்கு அது பிடிக்கவில்லை. அந்த எண்பத்தைந்தாயிரம் இருந்தால் ஒரு படி மேலே உள்ள வண்டி கிடைக்குமே என்றார். கிடைக்கும்தான், ஆனால் அந்த வண்டியை ஓட்டத்துக்குத் தயார் செய்யக் கையில் காசு இருக்காது.

பெட்ரோலா, டீசலா

வாரத்துக்கு இரண்டு முறை பெரம்பலூர் - திருச்சி, போக வர 120 கிலோமீட்டர். மாதத்துக்கு ஏறக்குறைய ஆயிரம். பள்ளிக்கூடம், கடைத்தெரு, கோயில் என்று உள்ளூரில் இன்னும் இருநூறு. வருடத்துக்கு 14,400 கிலோமீட்டர். பெட்ரோல் எஸ்யூவி லிட்டருக்கு 13 கொடுத்தால், லிட்டர் 101 ரூபாய் என்று வைத்து, வருடச் செலவு 1 லட்சத்து 12 ஆயிரம். சிறிய டீசல் எஸ்யூவி நெடுஞ்சாலையில் 18 கொடுத்தால், லிட்டர் 93 ரூபாயில், 74 ஆயிரம். வித்தியாசம் வருடத்துக்கு 38 ஆயிரத்துக்குப் பக்கம்.

ஊருக்குள்ளேயே ஓடும் குடும்பமாக இருந்தால் நான் டீசல் பக்கமே போயிருக்க மாட்டேன். புதிய வண்டியையே வாங்கச் சொல்லியிருப்பேன். 2025 செப்டம்பர் 22-லிருந்து, நான்கு மீட்டருக்குள் நீளமும் 1,200 சிசிக்குள் எஞ்சினும் உள்ள பெட்ரோல் கார்களுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதமும் செஸ் என்ற கூடுதல் வரியும் என்று இருந்தது வெறும் 18 சதவீதமாகக் குறைந்தது. டாடா பஞ்ச், ஹூண்டாய் எக்ஸ்டர் போன்ற வண்டிகளின் அடிப்படை வேரியன்ட் ஷோரூம் விலை ஆறு லட்சத்துக்குக் கீழே வந்துவிட்டது. வாரன்டியோடு வரும் வண்டி அது. மாதம் நானூறு கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு அதைவிட நிம்மதி இல்லை. ஆனால் இங்கே நெடுஞ்சாலை ஓட்டம், வீட்டில் மொத்தம் ஐந்து பேர், உடம்பு முடியாதவர் பின் சீட்டில் சாய்ந்து வர வேண்டும். அதனால் பழைய டீசல் என்று முடிவானது.

அதிலும் 2020 ஏப்ரல் 1-க்கு முந்தைய புகை விதியான பி.எஸ்.4-ல் வந்த வண்டி என்று குறித்துக்கொண்டேன். பி.எஸ்.6 டீசலில் புகைக்குழாய் வழியில் கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். என்ற வடிகட்டி உண்டு. நீண்ட ஓட்டத்தில் சூடேறி, சேர்ந்த கரியை அதுவே எரித்துக்கொள்ளும். முந்தைய ஓனர் ஊருக்குள்ளேயே ஓட்டியிருந்தால் கரி அடைத்துக்கொண்டிருக்கும், மாற்றும் செலவு பெரிது. இந்த விலையில் கிடைக்கும் பி.எஸ்.4 வண்டிகளில் பெரும்பாலும் அந்த வடிகட்டியே கிடையாது.

மாப்பிள்ளைக்கு மனதில் இருந்தது 2013, 2014 வருடத்து எக்ஸ்யூவி 500. "மச்சான், அஞ்சரை லட்சத்துக்கு ஏழு சீட்டே வருதே" என்று படம் அனுப்பினார். நல்ல பெரிய வண்டிதான், மறுக்கவில்லை. ஆனால் 2013-ல் பதிவான வண்டிக்கு 2028-ல் பதினைந்து வருடம் முடியும். மறுபடி எஃப்.சி. என்ற தகுதிச் சோதனைக்குக் காட்டி, ஆர்.சி. என்ற பதிவுச் சான்றைப் புதுப்பித்து, பசுமை வரியும் கட்ட வேண்டும். 17 அங்குலச் சக்கரம், டயர் ஒன்றே பத்தாயிரத்தைத் தாண்டும். மூன்றாம் வரிசையில் வருடத்துக்கு எத்தனை நாள் ஆள் உட்காருவார்கள் என்று கேட்டேன். தங்கைதான் விரல் விட்டு எண்ணி, "தீபாவளி, பொங்கல், குலதெய்வம் கோயில், நாலு நாள்" என்றாள். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

பட்டியலில் மிஞ்சியவை மாருதி விட்டாரா பிரெஸ்ஸா, டாடா நெக்ஸான், ஃபோர்டு ஈகோஸ்போர்ட், ரெனோ டஸ்டர். எல்லாம் டீசல். டஸ்டரின் 475 லிட்டர் டிக்கியும் மேடு பள்ளத்தை விழுங்கும் சஸ்பென்ஷனும் எனக்கு மிகவும் பிடிக்கும். ஆனால் அதன் 1.5 டீசலில், எஞ்சினின் வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்குவது டைமிங் பெல்ட் என்ற ரப்பர்ப் பட்டை. மாற்றியதற்குப் பில் இல்லாத வண்டியைத் தொட முடியாது, அறுந்தால் எஞ்சினே போகும். ஃபோர்டு 2021 செப்டம்பரில் இந்தியாவில் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தபோதே சர்வீஸும் உதிரி பாகங்களும் தொடரும் என்று சொல்லியிருந்தது. இருந்தாலும் பெரம்பலூரில் ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பாகம் தேவைப்பட்டால் என்ன செய்வது என்று யோசித்து ஈகோஸ்போர்ட்டைக் கடைசிக்குத் தள்ளினேன். பிரெஸ்ஸாவின் 1.3 டீசல் எஞ்சின் ஸ்விஃப்ட், டிசையர், எர்டிகா எல்லாவற்றிலும் வந்த எஞ்சின். பெல்ட்டுக்குப் பதில் டைமிங் செயின் உள்ளது. பாடாலூர் மெக்கானிக் கூட அதைக் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார். நெக்ஸான் 2018 டிசம்பரில் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. பிரெஸ்ஸா அதே வருடம் நான்கு. இந்த இரண்டும்தான் முதல் தேர்வு.

பாதுகாப்புக்கும் ஒரு கோடு போட்டேன். பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமானது 2019 ஏப்ரலில், டிரைவர் ஏர்பேக் 2019 ஜூலையில். பக்கத்து சீட் ஏர்பேக் கட்டாயமாக 2021 முடிய வேண்டியிருந்தது. அதற்கு முந்தைய வண்டிகளில் கீழ் வேரியன்ட் என்றால் இவை இல்லாமலே இருக்கலாம். இரண்டு ஏர்பேக்கும் ஏ.பி.எஸ்.ஸும் இல்லாத வண்டியைப் பார்க்கவே போவதில்லை என்று எழுதி வைத்தோம்.

வாங்காமல் விட்ட மூன்று

முதல் வண்டி திருச்சியில் பழைய வண்டி விற்கும் ஒரு கன்சல்டிங்கில் நின்றது. டி.என். 69, தூத்துக்குடிப் பதிவு. மாடல் பெயர் இங்கே வேண்டாம், ஏனென்றால் குறை மாடலில் இல்லை. வெளியே கண்ணாடி மாதிரி பளபளப்பு, விலையும் நாற்பதாயிரம் குறைவு. 2023 டிசம்பர் 17, 18-ல் தூத்துக்குடி, திருநெல்வேலி பக்கம் கொட்டிய மழை நினைவிருக்கிறதா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். அந்தப் பக்கத்து வண்டி எல்லாம் தண்ணீரில் நின்ற வண்டி என்று சொல்லிவிட முடியாது, ஆனாலும் பார்த்துவிட வேண்டும்.

பின் சீட்டில் உட்கார்ந்து சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்தேன். யாரும் அவ்வளவு தூரம் இழுப்பதில்லை, கழுவுகிறவர்களும் இழுப்பதில்லை. முக்கால் பாகம் வரை கறுப்பாக, சுத்தமாக வந்த பெல்ட், கடைசி ஒரு சாணில் காய்ந்த சேற்று நிறத்துக்கு மாறியது. நடுவில் ஒரு கோடு, குளத்துப் படிக்கட்டில் தண்ணீர் நின்ற அடையாளம் போல. முன் சீட் தண்டவாளத்தின் போல்ட்டுகளை போன் வெளிச்சத்தில் பார்த்தேன், துரு. டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கினேன், பள்ளத்தின் மூலையில் நைஸான மணல். "வண்டி கழுவும்போது போயிருக்கும் சார்" என்றார் விற்பவர். வண்டி கழுவினால் ஸ்டெப்னிக் குழிக்குள் ஆற்று மணல் வராது. பெரும்பாலான கார்களில் ஏர்பேக்கை இயக்கும் கன்ட்ரோல் யூனிட் கியர் லீவருக்குக் கீழே, தரையோடு ஒட்டித்தான் இருக்கிறது. வெள்ளத்தில் முதலில் நனைவது அதுதான். ஓட்டிப் பார்க்காமலேயே கிளம்பினோம்.

இரண்டாவது வண்டியில் மீட்டர் 61,400 காட்டியது. ஸ்டியரிங் உறை மட்டும் புதுசு. பிரேக் பெடல் ரப்பர் ஒரு பக்கமாக வழுக்கிப் போயிருந்தது, அறுபதாயிரத்தில் அவ்வளவு தேயாது. டிரைவர் கதவைத் திறந்து விளிம்பைப் பார்த்தபோது, ஆயில் கடைக்காரர் ஒட்டிய சின்ன ஸ்டிக்கர் ஒன்று மங்கலாகத் தெரிந்தது. பால்பாயின்ட் பேனாவில் எழுதியிருந்தார்: அடுத்த ஆயில் மாற்றம், 1,02,000. மீட்டரைக் குறைத்தவர்கள் அதைக் கிழிக்க மறந்திருக்கிறார்கள். லட்சம் கிலோமீட்டர் ஓடிய வண்டி கெட்ட வண்டி இல்லை. உண்மையைச் சொல்லி, அதற்கேற்ற விலை கேட்டிருந்தால் நானே பரிசீலித்திருப்பேன். பொய்யான மீட்டரில் எனக்குக் கோபம் வருவது ஏமாற்றுவதால் மட்டும் இல்லை. எந்தப் பாகத்தை எப்போது மாற்ற வேண்டும் என்ற கணக்கே தெரியாமல் போய்விடுகிறது. வாரம் இரண்டு முறை நோயாளியை ஏற்றிப் போகிறவருக்கு அந்தக் கணக்கு உயிர் மாதிரி.

மூன்றாவது நல்ல நெக்ஸான். அத்தைக்கும் ஏறி இறங்க வசதியாக இருந்தது. ஆர்.சி.யில் ஒரு ஃபைனான்ஸ் கம்பெனியின் பெயர் ஹெச்.பி.யாக, அதாவது வண்டி மேல் கடன் இருக்கிறது என்ற பதிவாக, நின்றது. "பணம் குடுங்க சார், அதுல கடனை முடிச்சு என்.ஓ.சி. வாங்கித் தர்றேன்." அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் கடன் பாக்கி இல்லை என்று ஃபைனான்ஸ்காரர் தரும் என்.ஓ.சி.யும் படிவம் 35-ம் கைக்கு வராமல் ஹெச்.பி. கேன்சல் ஆகாது, பெயரும் மாறாது. கடன் பாக்கியை ஃபைனான்ஸ் கம்பெனிக்கே நேராகக் கட்டுகிறோம், மீதியை உங்களுக்குத் தருகிறோம் என்றோம். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. விட்டோம். மாப்பிள்ளைக்கு அன்று இரவு சாப்பாடு இறங்கவில்லை.

துறையூர் பிரெஸ்ஸா

நான்காவது துறையூர்ப் பக்கம், ஓய்வுபெற்ற ஒருவர் வீட்டு வண்டி. புரோக்கர் இல்லாத பார்ட்டி வண்டி. 2018 கடைசியில் பதிவான பிரெஸ்ஸா டீசல், வி.டி.ஐ. வேரியன்ட். 78,400 கிலோமீட்டர், சிங்கிள் ஓனர், சர்வீஸ் பில்கள் எல்லாம் ஒரு துணிக்கடைப் பையில். கேட்ட விலை 6 லட்சத்து 60 ஆயிரம்.

முந்தின நாளே போனில் ஒன்று மட்டும் கேட்டுக்கொண்டேன்: "ஐயா, காலையில் நாங்கள் வரும் வரை வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள்." ஆறே முக்காலுக்குப் போய் முதலில் பானெட்டில் கையை வைத்தேன். சில்லென்று இருந்தது. சூடான எஞ்சின் எல்லாக் குறையையும் மறைத்துவிடும். குளிர்ந்த எஞ்சின்தான் உள்ளதைச் சொல்லும். முதல் சுற்றிலேயே பிடித்தது. புகை லேசாக வந்து அரை நிமிடத்தில் நின்றது. நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது, வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் கூலன்ட் உள்ளே போகிறது. இரண்டும் இல்லை. எஞ்சின் ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்து மேலே தலைகீழாக வைத்தேன். மூடி அசையாமல் உட்கார்ந்திருந்தது. பிஸ்டன் ரிங் தேய்ந்த எஞ்சினில் உள்ளிருந்து வரும் காற்று அதைத் துள்ள வைக்கும்.

சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடியில் அணைந்தது. இதைக் கட்டாயம் பாருங்கள். எரிந்துகொண்டே இருந்தால் குறை. எரியவே இல்லை என்றால் அதைவிட மோசம், ஏர்பேக் வெடித்த வண்டியில் விளக்கைப் பிடுங்கி மறைத்திருப்பார்கள். கதவுக் கண்ணாடிகளின் மூலையில் உள்ள முத்திரைகள் எல்லாம் ஒரே மாதிரி. ஃபெண்டர் போல்ட்டுகளில் ஸ்பேனர் பட்ட தடம் இல்லை. முன் பம்பரின் வலது மூலை மட்டும் ரீபெயின்ட். "கேட்ல இடிச்சேன் தம்பி" என்று அவரே சொன்னார். உள்ளே சக்கரத்துக்கு மேலே உள்ள ஏப்ரன் தகடு கம்பெனி வெல்டிங்கோடு அப்படியே இருந்ததால் நம்பினேன்.

டயரில் நான்கு இலக்க எண் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். நான்கு டயரிலும் 2020. தரையைப் பிடிக்கும் பட்டன் தேயாமல் மிச்சம் இருந்தாலும் ஐந்து வருடத்தில் ரப்பர் காய்ந்து ஓரங்களில் வெடிப்பு வந்துவிட்டது. நெடுஞ்சாலைக்கு அது ஆகாது.

அப்புறம் ஓட்டம். துறையூரிலிருந்து சோபனபுரம் போய் பச்சைமலை ஏறினோம். இதைவிட நல்ல சோதனைக் கூடம் எனக்குத் தெரியாது. ஏற்றத்தில் மூன்றாவது கியரில் ஆக்சிலரேட்டரை அழுத்தினால் எஞ்சின் சத்தம் கூடியது, வேகம் அந்த அளவுக்குக் கூடவில்லை. கிளட்ச் தேய்ந்திருக்கிறது. வளைவுகளில் முன் இடது பக்கம் ஒரு டக் டக். சக்கரத்தைத் தாங்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் போயிருக்கிறது. இறக்கத்தில் பிரேக் நேராகப் பிடித்தது, ஸ்டியரிங் ஆடவில்லை.

கடைசிச் சோதனை அத்தைதான். வீட்டிலிருந்து ஒரு டேப் எடுத்துப் போயிருந்தேன். மற்ற வண்டிகளில் அளந்ததில், தரையிலிருந்து சீட் விளிம்பு 25-லிருந்து 28 அங்குலத்துக்குள் இருந்தால்தான் அவர் குனியாமலும் ஏறாமலும் அப்படியே திரும்பி உட்கார முடிகிறது என்று கண்டுபிடித்திருந்தோம். இதில் 27. கதவுக் கைப்பிடியைப் பிடித்துத் தானாக உட்கார்ந்தார், தானாக இறங்கினார். "இதுல யாரும் என்னைத் தூக்க வேண்டாம் தம்பி" என்றார்.

விலை பேசும்போது குறைகளைப் பெரிதாக்கவில்லை. டயர், கிளட்ச், புஷ் மூன்றுக்கும் ஒர்க்‌ஷாப்பில் வாங்கிய எஸ்டிமேட்டைக் காட்டினேன். புதிய சின்ன வண்டிகளின் விலை வரிக் குறைப்பால் இறங்கியிருப்பதையும் சொன்னேன். 6 லட்சத்து 15 ஆயிரத்தில் முடிந்தது. டோக்கன் பத்தாயிரம் கொடுத்து, கையெழுத்துப் போட்ட ரசீது வாங்கிக்கொண்டோம்.

பேப்பர் வேலையும் அந்த எண்பத்தைந்தாயிரமும்

அரசின் எம்-பரிவாகன் செயலியில் ஆர்.சி., ஹெச்.பி., இ-சலான் அபராதம் மூன்றையும் முன்பே பார்த்திருந்தோம். படிவம் 29, 30-ல் கையெழுத்து வாங்கிப் பெயர் மாற்றத்துக்கு அன்றைக்கே விண்ணப்பித்தோம். விற்பவருக்கும் இதில்தான் பாதுகாப்பு: பெயர் மாறும் வரை விபத்து நடந்தால் நஷ்ட ஈட்டுக்கு ஆர்.சி.யில் பெயர் உள்ளவரே பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-லேயே சொல்லியிருக்கிறது. அவருடைய ஃபாஸ்டேக்கைப் பிரித்து, புதியது ஒட்டினோம். இல்லாவிட்டால் சமயபுரம் டோல்கேட்டில் நாம் போகும்போதெல்லாம் அவர் கணக்கில் பணம் போகும்.

இன்சூரன்ஸில் பலர் தவறு செய்கிறார்கள். வண்டி கைமாறிய 14 நாளுக்குள் பாலிசியைத் தன் பெயருக்கு மாற்றக் கேட்க வேண்டும். மாற்றாமல் இருந்தால் எதிராளிக்கான தேர்ட் பார்ட்டி காப்பு தொடர்ந்தாலும், நம் வண்டிக்கு அடிபட்டால் கிளெய்ம் கிடைக்காது. கிளெய்ம் கேட்காத வருடங்களுக்குக் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸும் வண்டியோடு வராது, அது பழைய ஓனருடையது. பிரீமியம் கூடும் என்று முன்பே கணக்கில் சேர்த்திருந்தோம்.

ஒதுக்கி வைத்த பணம் இப்படிப் போனது: நான்கு டயர் 29,000. கிளட்ச் செட் கூலியோடு 14,500. எஞ்சின் ஆயில், எல்லா ஃபில்டர், கூலன்ட், பிரேக் ஆயில் 9,500. புஷ், லிங்க் ராடு 6,800. இன்சூரன்ஸ் 17,200. பெயர் மாற்றம் 4,500. மொத்தம் 81,500. விலையோடு சேர்த்து 6 லட்சத்து 96 ஆயிரத்து 500. முதல் செவ்வாய்க்கிழமை ஓட்டத்துக்கு முன்பே எல்லா வேலையும் முடிந்திருந்தது.

இப்போது நான்கு மாதம் ஆகிறது. மீட்டர் 83,300. நெடுஞ்சாலையில் லிட்டருக்கு 18-க்குக் கொஞ்சம் மேலே கொடுக்கிறது. ஒரு செவ்வாயும் தவறவில்லை, ஒரு வெள்ளியும் தவறவில்லை. பின் பிரேக் ஷூவை 90,000-ல் பார்க்கலாம் என்று மெக்கானிக் சொல்லியிருக்கிறார். அதற்காகத் தங்கை மாதம் ஆயிரத்தைந்நூறு ரூபாயைத் தனியாக ஒரு டப்பாவில் போட்டு வருகிறாள்.